பூட்டன் பெயர் கேட்ட கீரிமலை

ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குப் போகிறவர் எள்ளை மறந்தாலும் தர்ப்பையை மறந்தாலும் சமாளித்துவிடலாம். மூன்று பெயர்களை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும்: அப்பா, அப்பப்பா, அப்பப்பாவின் அப்பாவான பூட்டன். அப்பா காலமான பிறகு எனக்கு வந்த முதல் ஆடி அமாவாசை. பூட்டன் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நம் பெயர் வைக்கும் முறை அப்படி. கந்தையாவின் மகன் செல்லத்துரை என்றால், செல்லத்துரையின் பிள்ளைகளுக்கு முதலெழுத்து ‘செ’. கந்தையா அதோடு காணாமல் போய்விடுவார். கனடாவில் அண்ணா வீட்டில் மட்டும் அப்பாவின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. அது பெரிய பரம்பரைப் பட்டம் என்று நினைத்து அண்ணாவின் மகள் வரலாறு கேட்கிறாள். படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பியாக வேண்டியிருந்தது, வரலாறு அவ்வளவுதான்!

வழி காட்டியவர் அளவெட்டி மாமி. அப்பப்பாவின் தங்கச்சி மகள். “ஆம்பிளையளின்ர பேரை ஆம்பிளையளிட்டத் தேடாதை தம்பி, என்ர அம்மாவின்ர சீதன உறுதியைப் பார்” என்று, காணியைச் சீதனமாக எழுதிக் கொடுத்த அந்தப் பத்திரம் இருந்த ட்ரங்குப் பெட்டியைத் திறந்தார். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையிலேயே தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்குப் போகும் வழக்கம் எழுதப்பட்டிருக்கிறது. பெயர் ஆண்வழியில் தேய, வளவு பெண்வழியில் தங்கிவிடுகிறது.

மடிப்பெல்லாம் கிழிந்த தாள். நொத்தாரிசின் சாய்ந்த எழுத்து. பரப்பு, குளி என்று நில அளவு, நாலு பக்க எல்லை, பனைகள், கிணற்றுப் பங்கு, தண்ணீர் அள்ளும் உரிமை, வாய்க்கால் வழி எல்லாம் ஒரே மூச்சில் ஓடும் ஒற்றை வசனம். அதன் தொடக்கத்தில், மகளுக்குச் சீதனம் கொடுப்பவர்களாகப் பூட்டனும் பூட்டியும். பூட்டிக்கும் பெயர் இருந்தது என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அமாவாசையன்று கீரிமலையில் கால் வைக்க இடமில்லை. மாவிட்டபுரம் கந்தனும் தீர்த்தமாட அன்றுதான் அங்கே எழுந்தருளுவார். கேணிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நன்னீர். முழுகி, ஈர வேட்டியோடு கரையில் உட்கார்ந்தேன். “தகப்பன் பேர்? அப்பப்பா பேர்? பூட்டன் பேர்?” குருக்கள் அவசரமாகக் கேட்டுக்கொண்டே போனார். அவருக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். நான் தடங்கலில்லாமல் சொன்னேன். எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கால் வழிந்தபோது முகமே தெரியாத ஒரு மனிதருக்காகக் கண் கலங்கியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்புறம் அங்குள்ள சிவன் கோயிலில் நகுலேஸ்வரப் பெருமானின் முன்னால் போய் நின்றேன். எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மத்தியானம் மாமி வீட்டில்தான் விரதச் சாப்பாடு. காத்தோட்டிக்காய் பொரியல் இல்லாமல் ஆடி அமாவாசைப் படையல் ஏது? நல்ல கசப்பு. சாப்பிட்டு முடித்ததும் மாமி உறுதியை மறுபடி விரித்து, முந்திய உறுதியின் இலக்கத்தைக் காட்டினார். அது பூட்டனின் தகப்பன் காலத்தது. அடுத்த கிழமை அதைத் தேடிக் காணிப் பதிவுக் கந்தோருக்குப் போக வேண்டும். மாமியும் வருகிறாராம்.