சாப்பிட்டவர்கள் எழுதுவதில்லை

கோவையில் சின்னக் கடைகளின் கூகுள் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. படம் ஏற்றுவது, கடை நேரம் மாற்றுவது, விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவது. முதல் இரண்டும் சுலபம்.

காந்திபுரம் பக்கம் ஒரு மெஸ். நடத்துகிற அக்கா விடியும் முன்னே உழவர் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வந்து சமைப்பவர். அவர் பக்கத்தில் 40 விமர்சனங்கள், சராசரி 4.6. ஒருநாள் யாரோ ஒற்றை நட்சத்திரம் போட்டார். 'கார் நிறுத்த இடமில்லை.' அவ்வளவுதான், சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 4.6 அன்றே 4.5 ஆகிவிட்டது. 2,000 விமர்சனம் உள்ள பெரிய ஓட்டலில் இதே ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் ஒன்றும் அசையாது.

இதில் காசு இருக்கிறது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் மைக்கேல் லூகா சியாட்டில் உணவகங்களை வைத்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். யெல்ப் என்ற அமெரிக்க விமர்சனத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறதாம். அதுவும் தனிக் கடைகளுக்குத்தான், செயின் ஓட்டல்களுக்கு இல்லை. பேர் தெரிந்த கடைக்குப் போகிறவர் நட்சத்திரத்தைப் பார்த்தா போகிறார்?

எனக்கு ஆறாத விஷயம் வேறு. தினமும் மதியம் அக்கா கடையில் சாப்பிடும் ஆட்டோக்காரர்களும் பட்டறைக்காரர்களும் எதுவும் எழுதுவதில்லை. மறுநாளும் வருவதுதான் அவர்கள் தருகிற மதிப்பெண். அதை எந்தச் செயலியும் எண்ணுவதில்லை.

'ஐம்பது ஃபைவ் ஸ்டார் போட்டுத் தர்றோம்' என்று ஒரு ஆள் போன் செய்தபோது அக்கா மறுத்துவிட்டார். "சாப்பிடாதவங்க நல்லாருக்குன்னு சொல்லி எனக்கு என்னங்க தம்பி ஆகப்போகுது?" காசுக்கு வாங்கிய விமர்சனங்களை வெளியிடக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. தளங்கள் விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்ற அளவிலேயே அது அறிமுகமானது. விற்பவர்கள் இன்றும் போன் செய்கிறார்கள்.

வாடிக்கையாளரிடம் 'எழுதுங்க' என்று கேட்க கூகுள் அனுமதிக்கிறது, பதிலுக்குத் தள்ளுபடியோ இலவசமோ தரக் கூடாது. சரி, கேட்டுப் பார்ப்போம் என்று அக்கா சாப்பாடு முடித்த ஓர் ஆட்டோக்காரரிடம் கேட்டார். அவர் போனில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்தார்: 'சாம்பார்ல புளி கொஞ்சம் கம்மி. மத்தபடி நம்ம வீட்டுச் சாப்பாடு.' நாலு நட்சத்திரம்.

மறுநாள் அக்கா புளி கூடுதலாகக் கரைத்தார்.