சிரபுஞ்சியில் தண்ணீர் லாரி

சிரபுஞ்சிக்குப் போவதென்றால் ஜனவரியில் போங்கள். நோகலிகாய் அருவி அப்போது நூல் மாதிரிதான் விழும், படம் எடுக்க வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த ஊர் தண்ணீருக்கு அல்லாடுவதை அப்போதுதான் பார்க்க முடியும்.

இப்போது சோரா என்ற பழைய பெயரே வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆண்டுச் சராசரி மழை 11,000 மில்லிமீட்டருக்கும் மேல். 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரை 26,461 மில்லிமீட்டர் பெய்தது, இன்றுவரை உலகச் சாதனை. அந்த ஊரின் குழாயடியில் பிளாஸ்டிக் கேன்கள் வரிசை கட்டிக் கிடந்தன. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா மூங்கில் கூடையில் கேன்களை அடுக்கி, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு மேடு ஏறினார். பேச்சுக் கொடுக்கலாமென்று கூடவே நடந்தேன், வெறுங்கையோடு வந்த எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

வங்கக் கடலின் ஈரக்காற்று வங்கதேசச் சமவெளியைக் கடந்து, திடீரென உயரும் மேகாலயாவின் காசி மலையில் மோதி அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பருக்குள். மேல்மண்ணை மழையே அரித்துக்கொண்டு போயிற்று. அடியில் குகைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. விழுந்த தண்ணீர் நிற்க இடமில்லாமல் வங்கதேசத்தின் சில்ஹெட் பக்கம் இறங்கிவிடும். குளிர்காலத்தில் ஊற்றுகள் வற்றினால் லாரித் தண்ணீர்தான்.

அதே நாட்டில்தான் ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மரும் இருக்கிறது. அங்கே வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிய விஷயம். ஊருக்கு வெளியே ஒரு ‘டாங்கா’வைப் பார்த்தேன்: தரைக்கடியில் தொட்டி, சுற்றிலும் அதை நோக்கிச் சரியும்படி இறுக்கிய மண்தரை. மழைக்கு முன் அந்தத் தரையைப் பெருக்கிச் சுத்தம் செய்கிறார்கள், செருப்போடு மிதிக்க விடுவதில்லை. தொட்டி மூடிக்குப் பூட்டு! இதை மட்டும் சொல்லிப் பாலைவனத்தை மெச்சிவிட்டுப் போவதும் சரியில்லை. பஞ்சாபில் சட்லஜ், பியாஸ் ஆறுகளின் தண்ணீரை ஹரிகே தடுப்பணையில் மடக்கி இந்திரா காந்தி கால்வாய் வழியாகக் கொண்டுவந்தது அரசுப் பணம். மலைமேல் இருக்கும் சோராவுக்கு அப்படியொரு கால்வாயை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. தகரக் கூரைக்கடியில் டிரம் வைக்கிறார்கள், ஆனால் பல மாத வறட்சிக்கு டிரம் எந்த மூலைக்கு? பெரிய தொட்டி கட்டக் காசு வேண்டும், சமதளமும் வேண்டும்.

சரி, போகிறவர்களுக்கு ஒன்று: விடுதியில் ஷவரைத் திறக்காமல் ஒரு வாளியோடு குளித்து முடியுங்கள்.