ஒடித்துத் திருப்பும்போது மட்டும்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த காலம். பெரிய அமெரிக்க பிக்கப் ஒன்று வந்தது. பின்சக்கர இழுவை. அல் தைத் பக்கம் ஒரு பேரீச்சந்தோட்டத்தில் ஓடுகிற வண்டி. ஓட்டி வந்த பெஷாவர்க்காரர் என் அரைகுறை இந்திக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “நேராகப் போனால் ஒன்றும் இல்லை. மெதுவாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் பின்னால் உதறுகிறது.” சொல்லிவிட்டு இரண்டு முஷ்டிகளையும் சேர்த்து அழுத்தி, சட்டென்று வழுக்கவிட்டு, மறுபடி அழுத்தி, மறுபடி வழுக்கவிட்டுக் காட்டினார்.

அந்தக் கைகளை நான் சரியாகப் பார்க்கவில்லை. ‘உதறுகிறது’ என்ற ஒரு சொல்தான் காதில் ஏறியது. உதறல் என்றால் எஞ்சின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு, அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட்; ஷாஃப்ட் என்றால் அதன் முனைகளில் மடங்கிக்கொடுக்கும் இணைப்பு, அதாவது கிராஸ் ஜாயிண்ட் என்று மனம் ஓடிவிட்டது. வண்டியைத் தூக்கி ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டினேன். பின் கிராஸில் லேசான ஆட்டம், கப்பின் ஓரத்தில் செந்துருப் பொடி. அகப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டு கிராஸையும் மாற்றி அனுப்பினேன்.

மறுநாள் காலையிலேயே வண்டி திரும்பி வந்தது. அதே உதறல். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஃபோர்மேன் கூலியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

அன்று முதலில் செய்திருக்க வேண்டிய கணக்கைப் பிறகுதான் போட்டேன். சக்கரத்தின் விட்டம் சுமார் 80 செ.மீ., கிரவுன் விகிதம் 3.73, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 3.73 சுற்றுச் சுற்ற வேண்டும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 66 சுற்று, ஷாஃப்ட் 250 சுற்றுக்குள். அந்த வேகத்தில் பேலன்ஸ் போன ஷாஃப்ட்டால்கூட வண்டியை உதற முடியாது. ஷாஃப்ட்தான் குற்றவாளி என்றால் 100 கி.மீ. வேகத்தில், 2,500 சுற்றில் சீட்டே அதிர வேண்டும். அவரோ நேராகப் போனால் ஒன்றும் இல்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார்.

சரி என்று அவர் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தேன். காலி பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஊர்ந்தார். ஷூ வழியாகத் தெரிந்தது: டுக், டுக், டுக் என்று பின் அச்சில் ஏதோ பிடித்துப் பிடித்து விட்டது. இடம், வலம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஸ்டியரிங் நேரானதும் சுத்தமாக நின்றது.

மாட்டுவண்டியில் ஒவ்வொரு சக்கரமும் அச்சில் தன்பாட்டுக்குச் சுழலும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூட ஓடினாலும் வம்பில்லை. மோட்டார் வண்டியில் இரண்டையும் எஞ்சின் தள்ள வேண்டும், ஆனாலும் வேகம் வேறுபட வேண்டும். அதற்குத்தான் டிஃபரன்ஷியல். மணலில் ஒரு சக்கரம் சும்மா சுழன்று புதைந்துவிடும் என்பதால் சில வண்டிகளில் அதற்குள் கிளட்ச் பிளேட்டுகளை அடுக்கி, இரண்டு சக்கரமும் அதிகம் பிரிந்து ஓடாமல் பிடித்து வைப்பார்கள். லிமிட்டெட் ஸ்லிப் என்பது இதுதான்.

இந்த வண்டியில் அது இருக்கிறதா? பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, நியூட்ரலில் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் எதிர்ச்சக்கரம் பெரும்பாலும் மறுதிசையில் சுற்றும். இது கூடவே அதே திசையில் சுற்றியது. அப்புறம்தான் அவரிடம் கேட்டேன், பின்னால் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று. போன மாதம், வேறு ஒரு இடத்தில் என்றார். உதறல் எப்போதிலிருந்து? யோசித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் என்றார்.

டிஃபரன்ஷியல் கவரைக் கழற்றினேன். கந்தக வாடையோடு தேன் நிறத்தில் ஆயில் ஊற்றியது. துளி இரும்புத்தூள் இல்லை. புது ஆயிலைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. இங்கே குற்றமே அந்தப் புது ஆயில்தான். கடையில் சுலபமாகக் கிடைக்கிற சாதாரண 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். அது கியர் பற்களைக் காக்கும், ஆனால் பிளேட்டுகளை நிதானமாக வழுக்க விடாது. திருப்பத்தில் அவை ஒட்டிக்கொண்டு, பிய்ந்து, மறுபடி ஒட்டும். அவர் முஷ்டிகளால் காட்டியது அப்படியே இதுதான்.

எல்லாவற்றையும் துடைத்து, லிமிட்டெட் ஸ்லிப்புக்கு உரிய ஆயிலோடு பிளேட்டுகளை நிதானமாக வழுக்க வைக்கிற 118 மில்லி அடிட்டிவ் பாட்டில் ஒன்றையும் சேர்த்து ஊற்றினேன். ஊற்றினால் மட்டும் போதாது, பிளேட்டுகளுக்கு நடுவே அது இறங்க வேண்டும். அதே பார்க்கிங்கில் எட்டுப் போட்டோம், மெதுவாக, ஒரு பக்கம் முழு ஒடி, மறுபக்கம் முழு ஒடி. முதல் இரண்டு எட்டில் மாற்றமே இல்லை, எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஐந்தாவதில் இடி மங்கியது. பத்தாவதில் டயர் தார் மேல் உரசுகிற சத்தம் மட்டும்தான்.

திரும்பி வந்ததும் கவரின் மேல் வெள்ளை பெயிண்டால், இதற்கு லிமிட்டெட் ஸ்லிப் ஆயில் மட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். என்ன எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். பிரஷை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தவர், அதற்குக் கீழே உருதுவிலும் எழுதினார்.