கோடிட்ட இடமும் சிவப்பு மையும்

தபால் வழியே பாடம் நடத்தும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் நான் மாணவனாகச் சேர்ந்தது 2008 இல்தான் என்றாலும், அதன் புத்தகப் பார்சல்களை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நான் அறிவேன். மதுரைச் சந்திப்பில் ரயில்வே தபால் பிரிப்பகமான ஆர்.எம்.எஸ். அலுவலகத்தின் இரவுப் பணியில் தபால் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், சேர்க்கை முடிந்த சில வாரங்களுக்கெல்லாம் அந்தக் கனத்த பொதிகள் வரத் தொடங்கிவிடும். பெறுநர் ஊர்கள் வாடிப்பட்டி, உசிலம்பட்டி, மேலூர், மானாமதுரை என்று இருக்கும். கல்லூரி விடுதிக்குப் போகும் பார்சல் மிக அபூர்வம். காவலர் குடியிருப்பு, பஞ்சாலை, கிராமப் பள்ளிக்கூடம், இன்னாரின் மனைவி என்று குறித்த வீட்டு முகவரி, இப்படித்தான் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தவன் நான். இவர்கள் எல்லாம் எந்த நேரத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று ஒவ்வொரு பையையும் கட்டும்போது நினைத்துக்கொள்வேன். முப்பத்தெட்டாம் வயதில் என் பெயருக்கும் ஒரு பார்சல் வந்தது. பி.ஏ. வரலாறு.

பார்சலைப் பிரித்தபோது எனக்குக் கிடைத்த முதல் ஆச்சரியம், அது ஒரு தடித்த பாடநூலாக இல்லை என்பது. ஒவ்வொரு பாடமும் 'பிளாக்' எனப்படும் மெல்லிய புத்தகங்களாகவும், ஒவ்வொரு பிளாக்கும் சில 'யூனிட்'களாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. சில பக்கங்களுக்கு ஒருமுறை, இதுவரை படித்ததைச் சோதித்துப் பாருங்கள் என்று ஓரிரு கேள்விகளும், அவற்றின் கீழே விடை எழுதுவதற்கென்று கோடிட்ட வெற்றிடமும் இருக்கும். விடைக்குறிப்பு யூனிட்டின் கடைசியில் இருக்கும். வகுப்பில் ஆசிரியர் சற்று நிறுத்தி, "புரிந்ததா?" என்று கேட்கும் இடத்தை அந்தக் கோடுகள் எடுத்துக்கொள்கின்றன. தனியாக உட்கார்ந்து படிக்கும் ஒருவருக்கு எந்த இடத்தில் தடுக்கும் என்பதை முன்கூட்டியே யோசித்து எழுதப்பட்ட புத்தகங்கள் அவை என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. தில்லிப் பல்கலைக்கழகம் 1962 இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971 இல் தொடங்கியது. கல்லூரிப் பாடத்தைக் குறிப்புகளாக்கித் தபாலில் அனுப்புவதே அன்றைய அஞ்சல்வழிக் கல்வியின் பெரும்பகுதியாக இருந்தது. பிரிட்டனில் 1969 இல் அமைந்த திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, தொலைவில் இருக்கும் வயது வந்தவருக்கென்றே பாடங்களை ஒரு குழுவாக அமர்ந்து புதிதாக எழுதியது. அந்த வழியில் இந்தியாவில் முதலாவதாக 1982 இல் ஹைதராபாதில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் துணைவேந்தராக இருந்த ஜி. ராம் ரெட்டி அவர்களே, 1985 இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இக்னோவுக்கும் முதல் துணைவேந்தர் ஆனார். மேலாண்மை, தொலைநிலைக் கல்வி ஆகிய இரண்டு பட்டயப் படிப்புகளோடும் 4,528 மாணவர்களோடும் 1987 இல் பாடம் தொடங்கிய அந்நிறுவனம், இன்று பல லட்சம் பேர் படிக்கும் இடமாக இருக்கிறது.

திறந்தநிலை என்றால் எளிதாகப் பட்டம் தருவது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகவே தெரிந்தது. அங்கே ஒரு கிரெடிட் என்பது முப்பது மணிநேரப் படிப்பு. நான் படித்த காலத்துப் பி.ஏ.வுக்கு 96 கிரெடிட்டுகள், அதாவது 2,880 மணிநேரம். மூன்றே ஆண்டுகளில் முடிக்க வேண்டுமானால் ஞாயிறு, தீபாவளி பாராமல் நாள்தோறும் இரண்டரை மணிநேரத்துக்கு மேல் படிக்க வேண்டும். ஆனால் முடிப்பதற்கு ஆறு ஆண்டுகள் வரை இடம் கொடுத்திருந்தார்கள். அப்படிப் பரப்பிக்கொண்டால் நாளுக்கு ஒன்றேகால் மணிநேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். படிப்பின் அளவில் ஒரு மணிநேரம்கூடக் குறைக்காமல், அதை நம் வாழ்க்கைக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளும் உரிமையை மட்டும் நம்மிடம் கொடுத்துவிடுகிறார்கள். இரவுப் பணி முடிந்து வீடு வந்து, குளித்து, உறங்கி எழுந்தபின், பிற்பகல் மூன்று முதல் நாலேகால் வரை என்று நான் வைத்துக்கொண்டேன். அம்மா மருத்துவமனையில் இருந்த 2010 ஆம் ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதங்கள் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. அதற்காக யாரும் என் பெயரை அடிக்கவில்லை. 2013 டிசம்பர்த் தேர்வோடு முடித்தேன்.

ஒரு பாடத்தின் மதிப்பெண்ணில் 30 விழுக்காடு ஒப்படைப்புகளுக்கு உரியது. எஞ்சிய 70 விழுக்காடு ஜூன், டிசம்பர் மாதங்களில் நடக்கும் தேர்வுக்கு உரியது. ஒப்படைப்பை எல்லோரும் 'அசைன்மென்ட்' என்றே சொல்வார்கள். கடைசி வாரத்தில் யாரிடமாவது வாங்கிப் பார்த்து எழுதித் தள்ளிவிடும் வேலையாகப் பலர் அதை எண்ணுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் இந்தக் கல்வியில் ஓர் ஆசிரியரின் கண் நம் எழுத்தின் மேல் படும் இடம் அது ஒன்றே. தேர்வுத் தாள் நம்மிடம் திரும்பி வருவதில்லை. ஒப்படைப்பு ஆசிரியரின் குறிப்போடு வருகிறது.

பழங்கால இந்தியாவைப் பற்றிய பாடத்தில், எழுத்தின் பரவலைக் குறித்த கேள்வி ஒன்றுக்கு, அசோகர் கல்வெட்டுகளை வைத்து நான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். புத்தகத்தில் இருந்ததைப் பிழையில்லாமல் எழுதியிருந்தேன் என்ற திருப்தியும் இருந்தது. தாள் திரும்பி வந்தபோது, ஆங்கிலத்தில் எழுதிய என் விடையின் ஓரத்தில், சிவப்பு மையில், தமிழில் ஒரு வரி இருந்தது: "மதுரையில் இருந்துகொண்டு மாங்குளத்தைப் பார்க்காமல் எழுதியிருக்கிறீர்களே?" அந்த ஆசிரியரை நான் நேரில் பார்த்ததில்லை. மாங்குளம் என்ற ஊருக்குப் போகும் தபாலை நூற்றுக்கணக்கான முறை பிரித்துப் போட்டவன் நான். அங்கே ஒரு கல்வெட்டு இருப்பது எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்போது ஏழாம் வகுப்பில் இருந்த மகனை அழைத்துக்கொண்டு போனேன். மாங்குளத்தை ஒட்டிய மீனாட்சிபுரத்து மலையின் மேல், சமணத் துறவியர் படுத்த கற்படுக்கைகளும், பாறையின் நெற்றியில் வெட்டிய தமிழ்ப் பிராமி எழுத்துகளும் இருக்கின்றன. கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் பணியாள் ஒருவர் அளித்த கொடையைச் சொல்பவை அவை. 1882 இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சுவெல் வெளியுலகத்துக்கு எடுத்துச் சொன்னவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்ற அந்த எழுத்துகளை அண்ணாந்து பார்த்தபடி நாங்கள் இருவரும் வெகுநேரம் நின்றோம். அடுத்த ஒப்படைப்பிலிருந்து நான் எழுதிய முறையே மாறிவிட்டது. புத்தகம் சொல்வதை எழுதியபின், என் ஊரில் இதற்கு என்ன சான்று இருக்கிறது என்று ஒரு பத்தி தேடிச் சேர்க்கத் தொடங்கினேன்.

பட்டத்தின் மதிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பும் இளங்கலையும் இல்லாமல் நேரடியாக எம்.ஏ. முடிக்கும் வழி ஒன்று தமிழ்நாட்டில் முன்பு பரவலாக இருந்தது. அப்படிப் பெற்ற முதுகலைப் பட்டம் வேலைக்குரிய தகுதி ஆகாது என்று 2009 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேர் மனம் உடைந்து போனார்கள். அவர்கள் உழைக்காதவர்கள் அல்லர். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் எந்தப் படியையும் விட்டுவிடாதீர்கள் என்று இன்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பள்ளிப் படிப்பையும் முறைப்படி முடித்துக்கொள்ள முடியும்.

மொழிதான் எனக்குத் தீராத குறை. இக்னோவின் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உள்ளன. தமிழ்வழியில் படித்துவிட்டு வருபவர் முதல் ஆண்டு முழுவதையும் அகராதியோடு போராடிக் கழிக்கிறார். பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தமிழிலேயே பட்டப் படிப்புகளை நடத்துவதால், மொழி தடையாக இருப்பவர்கள் தயங்காமல் அங்கே சேரலாம் என்பது என் கருத்து.

சேர நினைத்து என்னிடம் வருபவர்களிடம் உடனே பணம் கட்டச் சொல்வதில்லை. பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இக்னோவின் இ-ஞான்கோஷ் இணையதளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. விருப்பப் பாடத்தின் முதல் பிளாக்கை அச்சிட்டுக் கொடுத்து, ஒரு வாரம் வீட்டில் வைத்துப் படித்து, அந்தக் கோடிட்ட இடங்களைப் பேனாவால் நிரப்பிக்கொண்டு வரச் சொல்கிறேன். சென்ற மாதம், மேலூர்ப் பக்கத்துக் கிளை அஞ்சலகத்தில் பணிபுரியும் தங்கை ஒருவர் அப்படி நிரப்பிக்கொண்டு வந்தார். இடம் போதாமல் ஓரங்களிலும் எழுதியிருந்தார்.