சோடா கிரேட்டின் மேல் ஒரு சிறுமி

உயரம் போதவில்லை. ஒரு சோடா கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று ஸ்டீல் பான் என்ற தாளக் கருவியை வாசித்துக்கொண்டிருந்தாள்.

டிரினிடாட் தீவில், தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில், எங்கள் தெருமுனையில் இருக்கும் பான் யார்டு, அதாவது பான் குழுவினர் ஒத்திகை பார்க்கும் இடம். கார்னிவல் திருவிழா நெருங்கிவிட்டால் ராத்திரி பத்து மணிக்கு மேலும் ஒத்திகை ஓயாது. சரி, தூக்கம்தான் போய்விட்டதே என்று நானும் ஓரமாகப் போய் நின்றேன்.

கையில் முனையில் ரப்பர் சுற்றிய இரண்டு குச்சிகள். எதிரே காகிதம் எதுவும் இல்லை. சொல்லிக்கொடுப்பவர் துண்டு துண்டாக வாசித்துக் காட்ட, கேட்டுக் கேட்டே மனப்பாடம். நம் பாட்டு வாத்தியார் வீடு மாதிரியேதான்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறினாள். எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ, பிடித்துவிட்டாள்.

யாரும் கைதட்டவில்லை. அடுத்த துண்டுக்குப் போய்விட்டார்கள்.

அவள் தட்டிக்கொண்டிருந்தது எண்ணெய் பீப்பாயின் அடிப்பாகம். 1884-ல் ஆங்கிலேய அரசு இந்தத் தீவில் மேளத்துக்குத் தடை போட்டது. மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். அப்புறம் பிஸ்கட் டின், குப்பைத்தொட்டி மூடி, கடைசியில் பீப்பாய்.

1992-ல் அந்தப் பீப்பாயையே டிரினிடாட் டொபேகோவின் தேசிய இசைக்கருவியாக அறிவித்தார்கள். தடைச் சட்டம் எழுதிய துரைமார் இதைப் பார்த்திருக்க வேண்டும்!

பதினொன்றரைக்கு அவள் அம்மா வந்து கூப்பிட்டார்.

இன்னும் ஒரே ஒரு தடவை என்று விரலைக் காட்டினாள். கிரேட்டை விட்டு இறங்கவில்லை.

நானும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.