பூநாரைக்கு என்று எழுதிய வீதி

வீதி அளக்கும் சில்லுக்கு எங்கள் அலுவலகத்தில் வண்டில் என்று பெயர். நீளமான ஒரு கைபிடி, அடியில் ஒரு சில்லு, பக்கத்தில் மீற்றர் காட்டும் சின்னப் பெட்டி, அவ்வளவுதான். நல்ல வீதியில் அதைத் தள்ளிக்கொண்டு போனால் நீளம் சரியாக வரும். குழி விழுந்த வீதியில் சில்லு ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்கி ஏறி, உள்ளதைவிடக் கூடக் காட்டும். 2023 தை மாதம், கட்டைக்காட்டுக்கு அப்பால் சுண்டிக்குளம் பக்கம் போகும் ஓர் உள்வீதியை அளந்தபோது என் கணக்கும் வரைபடத்துக் கணக்கும் ஒத்துவரவில்லை. திரும்பவும் அளந்தேன். இன்னும் கூடியது. கூட வந்த வேலையாள் அண்ணை சிரித்தார்.

"குழியையும் சேர்த்து அளந்தா றோட்டு நீளும்தானே, மிஸ்."

நான் உள்ளூராட்சிச் சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ரீ.ஓ. என்றால்தான் ஊரில் விளங்கும். வீதி போடுவது என் வேலை என்று சனம் நினைக்கிறது. உண்மையில் நான் போடுவது வீதிக்கான கடதாசியை. அளப்பேன், மதிப்பீடு தயாரிப்பேன், வேலை நடந்தால் பக்கத்தில் நிற்பேன், முடிந்தால் பில்லில் கையெழுத்து வைப்பேன். நடக்காவிட்டால் அடுத்த வருடம் அதே மதிப்பீட்டில் விலைகளை மட்டும் மாற்றித் திரும்ப அனுப்புவேன்.

வடமராட்சி கிழக்கைத் தெரியாதவர்களுக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் வந்து, புதுக்காட்டுச் சந்தியில் கடல் பக்கம் திரும்பினால் மருதங்கேணி. அங்கிருந்து தெற்கே உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று ஊர்கள் கடற்கரையோடு கோத்த மாதிரிப் போகும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, நடுவில் ஒரு மணல் நாடா. 2004 இல் ஆழிப்பேரலை இந்தக் கரையை வழித்துக்கொண்டு போனது. உடுத்துறை நினைவாலயத்தைக் கடக்கும்போது இன்றும் மோட்டார் சைக்கிள்காரர் பலர் வேகத்தைக் குறைப்பார்கள். அங்கே வீதி நன்றாகத்தான் இருக்கிறது, வேறு காரணம்.

சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயம். 2015 இல் தேசிய பூங்கா ஆனது. நெடுந்தீவு, மடு வீதி, ஆதாம் பாலம் ஆகியவையும் அதே வருடந்தான். கனகராயன் ஆறு வந்து விழும் களப்பு அது. மழைக்குப் பிறகு பூநாரை, கூழைக்கடா, சங்குவளை நாரை, ஊசிவால் வாத்து என்று இறங்கும். கொழும்பிலிருந்து ஆட்கள் ஒரு கை நீளக் கமராவோடு தையிலும் மாசியிலும் வருவார்கள். அதாவது, எங்கள் வீதி வருடத்திலேயே மிக மோசமாக இருக்கும் நேரம் பார்த்து. பறவை வருவது தண்ணீருக்காக. வீதி கெடுவதும் அதே தண்ணீரால். இதில் யாரைக் குறை சொல்ல?

வருகிறவருக்கு ஒரே பயணம். எங்களுக்கு அது மூன்று வீட்டுக்காரரின் காணி மாதிரி. ஏ, பி வகை வீதிகள் மத்திய அரசினுடையவை. சி, டி வகை மாகாணத்துக்கு. மிச்சமெல்லாம் உள்ளூராட்சிச் சபைகளின் தலையில். கார் குலுங்கத் தொடங்கும் இடத்தில் எல்லை மாறிவிட்டது என்று அர்த்தம். குலுங்கும் பகுதி பெரும்பாலும் எங்களுடையது. பூங்காவின் நுழைவுச் சீட்டுக் காசு எங்களுக்கு வராது. கிடுகு வேய்ந்த வீடுகளும் மீன்பிடி வாடிகளும் உள்ள பகுதியில் ஆதனவரி என்று எவ்வளவு வந்துவிடப்போகிறது?

முதல் முறை நேர்மையாகத்தான் எழுதினேன். இத்தனை குடும்பம், இத்தனை பள்ளிப் பிள்ளைகள், இத்தனை படகு. மீன் வியாபாரி ஒருவரையும் கேட்டேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் றெஜிபோம் பெட்டி கட்டி, ஏ9 வரை மீன் கொண்டுபோகிறவர். ஐம்பது வயது தாண்டியவர்.

"றோட்டு நல்லா இருந்தா அரைக்கட்டி ஐஸ் மிச்சம், பிள்ளை" என்றார். "இப்ப சந்திக்குப் போறதுக்கிடையில பெட்டிக்குள்ள தண்ணிதான். தண்ணிக்குள்ள கிடந்த மீனுக்கு ஆர் விலை சொல்லுவான்?"

அரைக்கட்டி ஐஸை எழுதப் படிவத்தில் நிரல் இல்லை. குடும்பங்களின் எண்ணிக்கைதான் பார்த்தார்கள். குறைவு. முன்னுரிமைப் பட்டியலின் அடியில் போய்க் கிடந்தது. அந்த வருடம் பங்குனியோடு சபைகளின் பதவிக்காலமும் முடிந்துவிட்டதால், கூட்டத்தில் எழுந்து நின்று கத்துவதற்கு ஓர் உறுப்பினரும் இல்லை. உறுப்பினர்கள் கத்தும்போது எரிச்சலாக இருக்கும். இல்லாதபோதுதான் அந்தக் கத்தலுக்கும் ஒரு பெறுமதி இருந்தது தெரிந்தது.

ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் இருக்கிறார், எனக்கு வேலை பழக்கியவர். பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, சனத்தை எழுதாதேயும். குருவியை எழுதும்."

குருவியை எழுதினேன். தலைப்பை மாற்றினேன். 'கிராமிய உள்வீதி' என்று இருந்தது 'தேசிய பூங்காவுக்கான அணுகு வீதி' ஆனது. உல்லாசப் பயணிகள், உள்ளூர் வாழ்வாதாரம், சூழல்சார் சுற்றுலா என்று மூன்று பந்தி. வான் வண்டி இரண்டு விலகிப் போக வேண்டுமே என்று இரு பக்கமும் அரை மீற்றர் அகலத்தையும் சேர்த்தேன். அதே மண், அதே குழி. 2024 பட்டியலில் வீதி மேலே ஏறிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்தால் திறக்காத பணப்பெட்டியைப் பூநாரையின் கால் திறந்துவிட்டதே என்று.

திறந்தது பெட்டி மட்டும். ஒதுக்கீடு வேறு, கையில் வரும் கட்டுநிதி வேறு. ஒதுக்கீட்டுக் கடிதம் கையில் கிடைத்ததும் ஊரில் செய்தி பரவிவிடும். கட்டுநிதி துண்டு துண்டாகத்தான் வரும். விலைமனுக் கோரும் நிலைக்கு வர ஆவணி ஆகிவிட்டது. அந்த மாதந்தான் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் பெரிய நிலையத்தைத் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர். அதே கரையில் அவ்வளவு பெரிய வேலை முடிந்திருக்கிறது, நம்முடைய சின்னத் துண்டு வீதி முடியாதா என்று நினைத்தேன். சின்ன வேலைதான் கஷ்டம் என்று அப்போது புரியவில்லை.

2024 எப்படிப்பட்ட வருடம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தல். தேர்தல் காலத்தில் புது வேலை தொடங்குவதென்றால் எல்லா மேசையிலும் ஒரு தயக்கம் இருக்கும். அதற்கிடையில் கிரவல் பிரச்சினை. குடாநாட்டில் வீதிக்குப் போடக்கூடிய கிரவல் இல்லை. வன்னியிலிருந்து அனுமதிப் பத்திரத்தோடு வர வேண்டும். கருங்கல்லும் அப்படித்தான். எங்களிடம் கொட்டிக் கிடப்பது மணல். அதையும் இரவில் ரிப்பர் லொறியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களால்தான் பல உள்வீதிகளின் முதுகு முறிந்தது. கிரவல் ஏற்றிவந்த ரிப்பரைப் பார்த்து, "இதுவும் மணல் ஏத்த வந்ததோ?" என்று ஒரு அம்மா கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது.

இதற்குள் என் பிழை ஒன்று வெளியே வந்தது. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, தேசிய பூங்கா போன்ற ஒதுக்கத்தின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலை செய்வதென்றால் வனசீவராசிகள் திணைக்களத் தலைவரின் எழுத்துமூல அனுமதி முதலில் வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. பழைய மதிப்பீட்டில் வெறும் குழி நிரப்பலும் மேற்பூச்சுந்தான் இருந்தபடியால் அது தலையில் ஏறவில்லை. வானுக்காக நான் சேர்த்த அந்த அரை மீற்றர்தான் வேலையை 'திருத்தம்' என்பதிலிருந்து 'அகலப்படுத்தல்' ஆக்கிவிட்டது. வரைபடத்தில் ஒரு மைலுக்குக் கவராயத்தை வைத்து வட்டம் போட்டேன். வீதியின் கடைசிப் பாதி உள்ளே விழுந்தது. குழி கூடிய பாதி. மதகு இருக்கும் பாதி. மீன் வியாபாரியின் வீடு இருக்கும் பாதி.

அனுமதி கேட்டுக் கடிதம் போட்டோம். கேட்பதற்கு ஒரு காலம், பார்ப்பதற்கு ஒரு காலம் வேண்டும். அதில் யாரிலும் தவறில்லை, நான் சித்திரையில் கேட்டிருக்க வேண்டியதைப் புரட்டாதியில் கேட்டேன். அனுமதி தேவைப்படாத முன்பாதியில் மட்டும் வேலை தொடங்கியது. பூங்கா என்ற சொல்லால் வந்த காசு பூங்காவுக்குக் கிட்டப் போக முடியாமல் நின்றது.

முன்பாதியிலாவது முழுதாக முடிந்ததா? நவம்பர் கடைசி வாரம் அந்த மழை வந்தது. யாழ்ப்பாணம் முழுக்க வெள்ளம். கிரவலைக் கொட்டிப் பரப்பி, றோலர் உருட்டினால் அது ஈரத்தில் சேறாகப் பிதுங்கியது. கிரவலுக்குக் கொஞ்ச ஈரம் வேண்டும், அப்போதுதான் இறுகும், கூடினால் களி. ஒப்பந்தகாரர் றோலரை ஒரு பூவரசுக்குக் கீழே விட்டுவிட்டுப் போய்விட்டார். டிசெம்பர் 31 வரை அது அங்கேதான் நின்றது. முடிந்த அளவுக்குப் பில் போட்டோம். மிச்சம் திரும்பிப் போனது.

வந்த காசு திரும்பிப் போச்சு என்று வருடா வருடம் பத்திரிகையில் வரும், அதிகாரிகளின் அசமந்தம் என்று. பாதி உண்மை, அதை என் கதையே சொல்லும். மற்றப் பாதி, காசின் வருடமும் மழையின் வருடமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாதது. எங்களுக்கு மாசியிலிருந்து ஆவணி வரைதான் மண் வேலைக்கு ஏற்ற காலம். அந்த மாதங்களில் நாங்கள் கடதாசி செய்கிறோம். கடதாசி முடியும்போது வானம் இருண்டுவிடுகிறது.

2025 தையில் திரும்பப் போனேன். கடைசிப் பாதியில் முழங்காலளவு தண்ணீர். வீதியின் ஒரு பக்கத்து நீர் மட்டம் மறு பக்கத்தைவிட உயரமாக இருந்தது. அப்படியென்றால் மதகு அடைத்திருக்கிறது. ஒன்றரை அடி விட்டத்தில் இரண்டு கொங்கிறீற் குழாய்கள். கடற்றொழிலாளர் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்தார்கள். எங்கள் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக் குழாய்க்குள் ஒரு காட்டுக்கம்பை விட்டார். போகவில்லை. கையை விட்டார். முதலில் வந்தது பழைய நைலோன் வலை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. வலையோடு பனையோலை, ஒற்றைச் செருப்பு, மாட்டின் ஒரு நெஞ்செலும்பு, அப்புறம் கறுத்த மணல். கடைசியாக ஓர் உரப்பை வெளியே வந்ததும் குழாய் ஒரு முறை விக்கியது. பிறகு தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடியது. மத்தியானத்துக்குள் வீதியின் நடு முதுகு வெளியே தெரிந்தது. அடுத்த கிழமை ஒரு நாள் பெக்கோ இயந்திரம் வைத்து வீதிக் கரையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டினோம். டீசலுக்குச் சபை, சாப்பாட்டுக்குச் சங்கம். குழிகளுக்கு, றோலர் நின்ற இடத்தில் மிஞ்சிக் கிடந்த கிரவல்.

அந்தத் துண்டு, பாதி போட்ட புது வீதியைவிட நன்றாக நிற்கிறது என்பதை எழுத எனக்கே கூச்சம். ஆனால் அதுதான் நடந்தது. வீதியைத் தின்பது வாகனமல்ல, தேங்கி நிற்கும் தண்ணீர். தண்ணீரைப் போகவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பாதி வேலைக்குத்தான் காசு இல்லை. புதிதாகப் போடுவது மூலதனச் செலவு. பெயர்ப்பலகை நடலாம், நாடா வெட்டலாம். கான் துப்புரவாக்குவது மீண்டெழும் செலவு. சம்பளமும் மின்கட்டணமும் போனபின் அதில் மிஞ்சுவதை எறும்புக்குத்தான் போடலாம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே தலைகீழ். பசி சோளப்பொரிக்குத்தான். தருகிறவர்கள் யானைக்குரியதைத்தான் தருவோம் என்கிறார்கள், அதுவும் கார்த்திகையில்.

2025 மே தேர்தலுக்குப் பிறகு சபைகளுக்கு உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். கத்தலும் திரும்ப வந்துவிட்டது. எல்லாரும் கேட்பது கொங்கிறீற் வீதி. நான் பார்த்தவரை, மதகைத் துப்புரவாக்க இத்தனை ரூபா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

அடுத்த வருடத்துக்கான படிவம் நிரப்ப அளவெடுக்கப் போனபோது மீன் வியாபாரி வழியில் மறித்தார். பெட்டியின் மூலையால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த முறை ஆருக்கெண்டு எழுதப்போறியள் பிள்ளை? எங்களுக்கோ, குருவிக்கோ?"

"மதகுக்கு" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார்.

"அதுக்கு வாக்கு இல்லையே" என்றுவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். ஐஸ் கரைகிறதே, நின்று கதைக்க அவருக்கு நேரமில்லை.