பிக்கப்பின் முன் சக்கரத்தில் கேட்ட 'டக்'

ஆத்தங்குடிக் கல் ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. கல் என்றால் தரையில் பதிக்கிற பூக்கல். கண்ணாடித் தட்டின் மேல் சாயத்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். சூளையில் சுடாத கல் என்பதால் முனை சட்டென்று உதிர்ந்துவிடும். வைக்கோல் வைத்து அடுக்கினாலும் வண்டி தூக்கிப்போட்டால் போச்சு. அதனால் என் பிக்கப்பின் முன்பக்கம் எப்படி இருக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. அப்படி இருந்தும் போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஏமாந்துவிட்டேன்.

முதலில் கேட்டது ஒரு 'டக்'. வேகமாகப் போகும்போது கேட்காது. தெரு திரும்பும்போது, மெதுவாக ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் இடது காலடியில் ஒரே ஒரு தட்டு. பத்து நாளில் ஸ்டீயரிங் லேசாக இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. இடது டயரைத் தடவிப் பார்த்தேன். வெளி விளிம்பு நன்றாக இருக்க, உள் விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தது.

சரி என்று வழியில் இருந்த ஒரு பட்டறையில் விட்டேன். வண்டியை மேலிருந்து இரண்டு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஷாக் அப்சர்பர் போச்சு" என்றார்கள். இரண்டு பக்கமும் புதிது போட்டார்கள். ஷாக்கை ஜோடியாக மாற்றுவது சரியான முறைதான். ஆனால் என் வண்டியில் பழைய ஷாக் ஒழுகவும் இல்லை, குதிக்கவும் இல்லை. காசு கொடுத்துவிட்டுக் கிளம்பி முதல் திருப்பத்திலேயே மறுபடியும் 'டக்'. வயிறு எரிந்தது. சக்கரத்தைத் தூக்கிப் பார்க்காமலே சாமான் மாற்றச் சம்மதித்தேனே என்பதுதான் இன்றும் என் வருத்தம்.

அப்புறம் காரைக்குடியில், முப்பது வருடமாக லோடு வண்டி மட்டும் பார்க்கிற ஒரு அண்ணனிடம் போனேன். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. "தம்பி, சத்தம் கேக்குற இடம் வேற, தேஞ்ச இடம் வேற. முதல்ல ஆட்டிப் பாப்போம்" என்றார்.

அவர் ஜாக்கி வைத்த இடத்தை யாரும் கவனிக்க வேண்டும். சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு அடியில் வைக்கவில்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கிற கீழ்க் கையான லோயர் ஆர்முக்கு அடியில், அந்தக் கை சக்கரப் பக்கம் சேர்கிற உருண்டை மூட்டான பால் ஜாயிண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். என் வண்டியில் காயில் ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸைத் தூக்கினால் ஆர்ம் தொங்கும், ஸ்பிரிங்கின் விசை ஜாயிண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் வெளியே தெரியாது. ஆர்மைத் தூக்கினால்தான் பால் ஜாயிண்ட் பாரம் இல்லாமல் நிற்கும்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து, உள்ளே வெளியே என்று ஆட்டினார். ஆட்டம் இருந்தது. என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டினார். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றிருந்தால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்கவில்லை. அடுத்து இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கிற டை ராட் எண்டு கெட்டியாக இருந்தது. கடைசியில் டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பச் சொல்லிவிட்டு, அவர் உள்ளே படுத்து டார்ச் அடித்தார். லோயர் பால் ஜாயிண்ட் மேலும் கீழும் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. நானும் படுத்துப் பார்த்தேன். ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸும் செம்மண்ணும் சேர்ந்து அம்மியில் அரைத்த மசாலா மாதிரி இருந்தது. மழைத் தண்ணீர் ஒரு பக்கம், அந்த மண் ஒரு பக்கம். உருண்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல் தேய்த்திருக்கிறது. அது கழன்றால் சக்கரம் அப்படியே மடிந்து படுத்துவிடும். ஒரு டன் கல்லோடு அப்படி ஆகியிருந்தால் என்று நினைத்தபோது கை நடுங்கியது.

ஏன் இடது பக்கம் மட்டும் என்று கேட்டேன். உள்ரோட்டில் எதிரே பஸ் வந்தால் நாம்தானே இறங்கி வழி விடுகிறோம் என்றார். தார் முடிகிற விளிம்பில் ஒவ்வொரு முறையும் விழுந்து எழுவது இடது சக்கரம்தான்.

லோயர் ஆர்மைச் சேசிஸோடு சேர்க்கிற ரப்பர் புஷ்களும் போயிருந்தன. கடப்பாரையை வைத்து நெம்பினால் ரப்பர் இரும்பை விட்டு விலகி வாய் பிளந்தது. டயரின் உள் விளிம்பைத் தின்றது இவை எல்லாம் சேர்ந்துதான்.

சாமான் வாங்கும்போது சேசிஸ் நம்பரைச் சொல்லித்தான் கேட்டோம். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு சின்ன மாற்றம் இருக்கும். மலிவாக ஒன்றையும் காட்டினார்கள். அதன் ரப்பர் உறை விரலால் அழுத்தினாலே சுருங்கியது, வேண்டாம் என்றேன். கிரீஸைக் காப்பது அந்த உறைதானே. பால் ஜாயிண்ட் இரண்டு பக்கத்துக்கும், புஷ் இரண்டு பக்கத்துக்கும் வாங்கினோம்.

வேலை இரண்டு நாள் ஆனது. பழைய போல்ட்டுகளில் முதல் நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டார். கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்கிற போல்ட் எந்த இடத்தில் இருந்தது என்று வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டுக்கொண்டார். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினார். பால் ஜாயிண்ட் நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலு மரை விட்டுவைத்து, ஜாயிண்ட் செருகியிருக்கிற நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு போடு போட்டதும் 'டப்' என்று விட்டது. அந்த நாலு மரை இல்லாவிட்டால் ஆர்ம் பாய்ந்து இறங்கியிருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி இல்லாமல் ஆர்மைக் கழற்றவே கூடாது. இந்த வேலையில் உயிரை எடுக்கக்கூடியது அந்த ஸ்பிரிங்தான். கருவி மாட்டும் வரை என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். புஷ்களை லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து ஏற்றினோம்.

எனக்குப் புதிதாகத் தெரிந்தது ஒன்று. புஷ் போல்ட்டை வண்டி ஜாக்கியில் இருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நிற்கும்; சில மாதத்திலேயே கிழியும். முன்பு ஒரு தடவை மாற்றிய புஷ் எனக்கு ஏன் சீக்கிரம் போனது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பால் ஜாயிண்ட் நட்டில், அது கழலாமல் குறுக்கே மாட்டுகிற ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேருக்கு வராவிட்டால் கொஞ்சம் இறுக்கி அடுத்த ஓட்டைக்குக் கொண்டுபோகலாம், தளர்த்தக் கூடாது. எல்லா நட்டின் மேலும் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டார். நகர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும்.

அங்கிருந்து நேராக, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்கிற வீல் அலைன்மெண்ட். இதைச் செய்யாமல் விட்டால் புது டயரும் அதே மாதிரி தேயும்.

மறுநாள் முதல் லோடு கானாடுகாத்தானுக்கு. வீட்டின் நடு முற்றப் பகுதியான வளவில் பழைய தரையை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்கிற வீடு. இறக்கி முடித்ததும் ஆச்சி ஒவ்வொரு அடுக்காக முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒன்னுகூட உதிரலையேப்பா" என்றார். வரும்போது அந்தத் திருப்பத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்தேன். எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

இப்போது மழையில் ஓடிய நாளெல்லாம் சாயங்காலம் சக்கரத்துக்கு உள்பக்கம் தண்ணீர் அடித்துச் செம்மண்ணைக் கழுவிவிடுகிறேன். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை படுத்து ரப்பர் உறைகளைப் பார்க்கிறேன். கிரீஸ் ஏற்றுகிற முனையான நிப்பிள் இருக்கிற இடத்தில் கிரீஸ் அடித்து, உறை லேசாக உப்பியதும் நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் அடித்தால் உறையே வெடிக்கும். 500 கிலோமீட்டர் ஓடியதும் பெயிண்ட் கோடுகளைப் பார்த்தோம், ஒன்றும் நகரவில்லை. வலப்பக்க அப்பர் பால் ஜாயிண்டின் உறையில் மட்டும் மெல்லிய விரிசல் தெரிகிறது. ஆட்டம் இல்லை. ஆனாலும் சாமானை வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், அடுத்த லோடு இல்லாத நாளில் அண்ணன் பட்டறைக்குப் போகணும்.